சுட்டியும் திரையும்

மாணவர்களே! மறைமலை நகரில் வாழும் எனக்கு, 'மவுஸ்' என்னும் சொல் காதில் விழுந்தவுடன் அதற்குத் தமிழ் யாது என்று தேடத் தோன்றுதல் இயல்பே. இவ்வூர் யார் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அந்த மறைமலையடிகளார் 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர் அல்லரோ? கணிப்பொறித் துறையினர் வழங்கும் 'சுட்டி' என்ற சொல் இலக்கணம் கற்றவர்க்கு இனிது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளின் தொழிலையே அக்கருவியும் செய்கின்றது. ஆயின் சுட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அப்பொருள் திரையில் உள்ளது. கையும் திரையும் ஒத்து நடந்த வரலாற்றையே இன்று கூறப் புகுந்தேன்.

அமெரிக்க நாட்டில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் எண்ணியதை, 1964-இல் பில் இங்கிலிஷ் என்பார் சிறு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று குறுக்கு அசைவை அளந்தது. மற்றொன்று நெடுக்கு அசைவை அளந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் முன்னிலையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். பின்னர்ச் சக்கரங்களின் இடத்தை உருண்டை பிடித்தது. தூசி படிந்த அவ்வுருண்டையைக் கழற்றித் துடைப்பது பள்ளிக் கணிப்பொறி அறைகளில் அன்றாடக் கடமையாய் இருந்தது! 1999-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ஒளிச் சுட்டியோ, தன் கீழுள்ள பரப்பை விநாடிக்கு 1,500 முறை படம் பிடித்து அசைவை உணர்ந்தது.

திரையின் கதை வேறு. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சியும் விநாடிக்கு 50 அரைப்படங்களையே காட்டியது. கணிப்பொறித் திரைகளில் 60 முறை என்பது பெருவழக்காயிற்று. விளையாட்டுக்கென 144, 240 முறை புதுப்பிக்கும் திரைகள் பின்னர் வந்தன.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பழைய வழக்கப்படி சுட்டி விநாடிக்கு 125 முறை தன் நிலையைக் கணிப்பொறிக்கு அறிவிக்கும். 60 முறைத் திரைக்கு அது போதும். 144 முறைத் திரையிலோ, விநாடிக்கு 19 படங்களேனும் புதுச்செய்தி எதுவுமின்றி வரையப்படும். குறி தத்தித் தத்தி நகர்வது அதனாலேயே. 1,000 முறை அறிவிக்கும் சுட்டியில் இக்குறை கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடும்.

தொலைவுக் கணக்கையும் நோக்குங்கள். அங்குலத்திற்கு 800 எண்ணிக்கை தரும் சுட்டி, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி நகருமாறு அமைந்தால், 1,920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க 2.4 அங்குலம் போதும். 3,840 புள்ளித் திரைக்கு 4.8 அங்குலம் வேண்டும். எண்ணிக்கையை 1,600 ஆக்கினால் கை பழகிய பழைய அளவே மீளும். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பெறும் பதினாயிரக் கணக்குகள் பெரும்பாலும் வாங்குவோரைக் கவர்வதற்கே என்பது என் துணிபு.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன்பின் பெற்றோரிடம் விலையுயர்ந்த கருவி கேட்கும் மாணவர்க்கு ஒன்று சொல்வேன். 144 முறைத் திரையை வாங்கிய பின்பும், கணிப்பொறியின் அமைப்பில் அது 60 என்றே கிடப்பதுண்டு. முதலில் அதனைத் திறந்து பாருங்கள். அதனை மாற்றக் காசு வேண்டியதில்லை.