கழஞ்சு: விதையிலிருந்து கல்லுக்கு

பழந்தமிழ் நிறைப்பெயர்களில் கழஞ்சு நெடுங்காலம் வழங்கியது. ‘ஒரு கழஞ்சு எத்தனை கிராம்?’ என்ற கேள்விக்கு நூலுக்கு நூல் விடை மாறுகிறது. மாறுவதற்கான காரணம் அச்சொல்லின் வரலாற்றிலேயே உள்ளது.

சொல்லும் விதையும்

கழற்சிக்கொடியின் முள் நிறைந்த காய்க்குள் சாம்பல் நிறத்தில் கெட்டியான விதைகள் இருக்கும். சங்க இலக்கியம் காட்டும் மகளிர் மணலில் ஆடிய கழங்கும், வேலன் குறி பார்க்க இட்ட கழங்கும் இவ்விதைகளே. மலையாளத்தில் இக்கொடியின் பெயர் இன்றும் கழஞ்சி. எனவே கழங்கு, கழற்சி, கழஞ்சு மூன்றையும் ஒரே சொற்குடும்பமாகக் கொள்ளலாம். கழஞ்சின் கீழ்நிலை அளவுகளும் விதைகளே: 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. சிங்களத்தில் வழங்கிய ‘களந்த’ என்னும் நிறையும் 20 மஞ்சாடிக் கணக்கில் அமைந்ததே.

இலக்கண, இலக்கியச் சான்றுகள்

அளவுப்பெயர்களுக்கும் நிறைப்பெயர்களுக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்கிறது தொல்காப்பிய எழுத்ததிகாரம். இதற்கு உரை எழுதிய இளம்பூரணர், ககரத்தில் தொடங்கும் நிறைப்பெயராகக் கழஞ்சைக் காட்டுகிறார். புறநானூற்றின் 11ஆம் பாடலில் பேய்மகள் இளவெயினி, சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவிடம் பாடினி பெற்ற பொன்னணியைக் கழஞ்சுக் கணக்கிலேயே சொல்கிறார். ஆகவே சங்க காலத்திலேயே அது பொன்னின் நிறையாகிவிட்டது.

கல்வெட்டுகளில் கழஞ்சு

ஒரே கொடியில் விளைந்த விதைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. கொடை, தண்டம், பலிசை (வட்டி) ஆகியவை பொன்னில் நடந்த ஊர்களில் இந்த வேறுபாடு வழக்கில் முடியும். அதனால் பெயர் விதையினுடையதாக நின்றாலும், நிறுப்பது கல்லைக் கொண்டு என்றாயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகள் இன்ன கல்லால் நிறுத்த பொன் என்று குறிப்பது இதனால்தான். ஊர்ச்சபையின் நிறைகல் ஊர்க்கல் எனப்பட்டது.

இதன் முதிர்ந்த நிலையைத் தஞ்சைப் பெரிய கோயிலில் காணலாம். அங்கே பொன், ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டும் இறைவன் பெயர்கள். ஆடவல்லான் என்ற பெயரில் நெல் அளக்கும் மரக்காலும் இருந்தது. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி.பி. 1010) விமானத் தூபிக்கு அளித்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம், அதற்குப் போர்த்திய பொற்தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. செம்புக்குப் பலமும் பொன்னுக்குக் கழஞ்சும் என ஒரே பொருளுக்குள்ளேயே நிறைமுறை பிரிவதைக் காண்க.

கழஞ்சு நாணயத்துக்கும் அடிப்படையாயிற்று. மாடை ஒரு கழஞ்சு நிறையுள்ள பொற்காசு. இராசராசன் காலக் காசு அதில் பாதி.

பிற்காலம்

நாணய முறைகள் மாற மாற, வராகனெடை, தோலா, பவுன் ஆகியவை பொன் வணிகத்தில் கழஞ்சின் இடத்தைப் பிடித்தன. சித்த மருத்துவம் மட்டும் அதைக் கைவிடவில்லை. இன்றைய சித்த மருந்தளவுப் பட்டியல்களில் குன்றிமணி 130 மில்லிகிராம், கழஞ்சு 5.1 கிராம். பழைய வாய்பாட்டின்படி 40 குன்றிமணிகளைக் கூட்டினால் 5.2 கிராம் வருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் உள்விகிதம் பெரிதும் சிதையவில்லை எனலாம்.

முடிவு

நிலைத்து நின்றவை பெயரும் விகிதமும். நிறையை முடிவு செய்தது அந்தந்தக் கல்லும் அதன் பின்னிருந்த சபை, கோயில், அரசு ஆகியவற்றின் அதிகாரமும். ஆகவே சித்த மருத்துவப் பட்டியலின் 5.1 கிராமைக் கொண்டு எல்லாக் கல்வெட்டுகளின் பொன்னையும் கணக்கிடுவது பிழை. கல்வெட்டில் எந்தக் கல் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பிறகே கழஞ்சைக் கிராமாக மாற்ற வேண்டும்.