பம்பாயில் தெரிந்த வடதுருவ ஒளி

வடதுருவ ஒளி என்றதும் நார்வே, ஐஸ்லாந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் 1872 பிப்ரவரி 4 அன்று அது பம்பாயிலும் தெரிந்திருக்கிறது! காரணம் கடுமையான சூரியப் புயல். பம்பாய்–ஏடன் கடலடித் தந்திகூட பல மணி நேரம் தடுமாறியது. பார்த்தவர்கள் எழுதி வைத்ததுதான் மிச்சம், படம் கிடையாது. இந்த ஒளியின் முதல் புகைப்படமே 1892-இல்தான், நார்வேயில் எடுக்கப்பட்டது.

2024 மே 10 இரவு மறுபடியும் பெரும் புயல். லடாக்கில் ஹான்லே வானாய்வகக் கேமராக்கள் சிவந்த வானத்தைப் பதிவு செய்தன. வெளிநாடுகளில் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த ஒளிகூட செல்போன் கேமராவில் பளிச்சென்று விழுந்தது. சில நொடி வெளிச்சத்தைச் சேர்த்துப் படமாக்குவதே அதன் சூட்சுமம்.

கும்மிடிப்பூண்டியில் இது தெரியாது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். ஆனால் அந்தப் புயலை விண்வெளியில் அளந்த ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பியது பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். அன்று தந்தி, இன்று செயற்கைக்கோள்கள். அவற்றைக் காப்பாற்ற இந்த அளவீடுகள் வேண்டும்.