கட்டியின் குறியா, கன்னத்தின் குறியா? மும்பை வாய்ப்புற்றும் மெத்திலேற்ற ஆய்வுகளும்

தலை, கழுத்துப் புற்றில் மரபணு மெத்திலேற்றத்தை (மரபணுவை அடக்கிவைக்கும் வேதிக் குறியை) நோயாளியின் ஆயுளோடு சேர்த்து வாசிக்கும் போக்குக்கு வலுவூட்டியவற்றுள் ஒன்று, 2000-இல் ‘கேன்சர் ரிசர்ச்’ இதழில் வெளிவந்த சான்செஸ்-செஸ்பெதெஸ் குழுவினரின் கட்டுரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 95 கட்டிகளைச் சோதித்த அவர்கள், பாதிக்கும் மேற்பட்டவற்றில் பி16, எம்ஜிஎம்டி, டிஏபி-கைனேஸ் ஆகிய மரபணுக்களுள் ஒன்றேனும் மெத்திலேறியிருக்கக் கண்டனர். டிஏபி-கைனேஸின் மெத்திலேற்றம், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருப்பதோடும் முற்றிய நிலையோடும் சேர்ந்தே வந்தது. மெத்திலேற்றம் பரவலைக் காட்டுகிறது, ஆகவே ஆயுளையும் காட்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. மும்பைச் சான்றுகள் அம்முடிவுக்கு இடந்தரவில்லை என்பதே என் வாதம்.

முதல் தடை, கணுக்களைப் பற்றியது. பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையில் டி’குருஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. கழுத்தில் கணு தென்படாத தொடக்கநிலை வாய்ப்புற்றில், முதல் அறுவையிலேயே கணுக்களையும் நீக்கியவர்களுள் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் 80 விழுக்காடு; கணு தலைகாட்டிய பிறகே நீக்கப்பட்டவர்களுள் 67.5 விழுக்காடு. கணுவின் பங்கு இவ்வளவு நேரடியாக நிறுவப்பட்டுள்ள நிலையில், அதனோடு ஒட்டிவரும் குறி தனியே என்ன சொல்கிறது? கணுவின் நிலை, கட்டியின் ஆழம் இரண்டையும் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு எஞ்சினால்தான் அதை ஆயுள்குறி எனலாம். 95 கட்டிகளின் ஆய்வு அந்தப் பாரத்தைச் சுமக்காது.

இரண்டாம் தடை, நோய் பிறக்கும் விதம். அமெரிக்காவில் புகைபிடித்தலும் மதுவும் முதன்மைக் காரணங்கள். இங்கோ கடைவாயில் அடக்கும் புகையிலை. தென் திருவிதாங்கூரின் நெய்யூரிலிருந்து ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் 1933-இலேயே வெற்றிலை போடுவதையும் வாய்ப்புற்றையும் இணைத்து எழுதினார். சாங்வி, ராவ், கானோல்கர் மூவரும் 1955-இல் பம்பாய் நோயாளிகளை ஆராய்ந்து, மெல்லுவோருக்கு வாய்க்குழியிலும் புகைப்போருக்குத் தொண்டைப் பகுதியிலும் புற்று மிகுவதைக் காட்டினர்.

இந்தப் பின்னணியில்தான் மும்பை ஆய்வாளர்களான குல்கர்னி, சாரநாத் இருவரும் 2004-இல் ‘ஓரல் ஆன்காலஜி’ இதழில் வெளியிட்ட முடிவை நிறுத்திப் படிக்க வேண்டும். புகையிலை மென்றோரின் வாய்ப்புற்றில் பல ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் ஒருசேர மெத்திலேறியிருந்தன; கட்டியை அடுத்திருந்த, பார்வைக்கு நலமான திசுவிலும் மெத்திலேற்றம் இருந்தது. இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் கட்டியைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொண்டு, அடுத்த திசுவைக் கடந்துவிடலாகாது. பரவலின் குறியென்றால் பரவாத இடத்தில் அது ஏன் இருக்கிறது?

கட்டியின் செல்கள் சில அங்கே சிதறியிருக்கலாம், நுண்ணிய பிசிஆர் சோதனை அவற்றையும் பிடித்துவிடும் என்பது மறுப்பாகலாம். அதை முற்றாகத் தள்ள முடியாது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் புகையிலைச் சாறு ஊறியது ஒரு புள்ளியில் அன்று, கன்னத்துச் சவ்வு முழுவதிலும். வாய்ச்சவ்வு பரப்பளவில் புற்றுக்குப் பதப்படுகிறது என்று ஸ்லாட்டர் குழுவினர் 1953-இல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துகிறது. ஆகவே இம்மெத்திலேற்றம் கட்டியைக் காட்டிலும் கட்டி எழுந்த நிலத்தைக் குறிக்கிறது என்றே வாசிக்கிறேன். இவ்வாசிப்பு சரியாயின், ஆயுளோடு அதன் தொடர்பு கணுப் பரவல் வழியாக வராது. முதல் புற்றிலிருந்து தப்பியவருக்கு அதே வாயில் பின்னர் எழும் இரண்டாம் புற்றின் வழியாக வரும்.

மெத்திலேற்றம் எந்தக் கட்டத்தில் பதிகிறது என்பதை மட்டும் அறுதியிட இயலாது. அறுவையன்று எடுத்த திசு அந்த ஒரு நாளின் நிலையையே காட்டும். புற்றுக்கு முன்னோடியான வெண்படலம் தோன்றுவதற்கு முன்னா பின்னா என்று சொல்லாது. அதற்கு, புகையிலையை விட்டவர், விடாதவர் இருசாராரின் கன்னத்துச் சவ்வையும் அறுவைக்குப் பின் ஆண்டுதோறும் சோதித்துவர வேண்டும். கட்டியை மட்டும் சோதித்து ஆயுளைக் கணிக்கும் ஆய்வுகள், மும்பை நோயாளியின் நலமான கன்னம் தரும் எச்சரிக்கையைத் தவறவிடுகின்றன.