இந்திய ரயில்வே: நாடாளுமன்றக் கண்காணிப்பும் செலவுத் தணிக்கையும்

இந்திய ரயில்வேயின் வரவு செலவையும் பயணிகள் சேவையையும் மேற்பார்க்கும் பொறுப்பு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்பது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது நாளிதழ் வழக்கில் சி.ஏ.ஜி. பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பைப் பார்ப்பது ரயில்வே பாதுகாப்பு ஆணையம். அது ரயில்வே அமைச்சகத்தில் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. முதல் இரண்டு அமைப்புகளும் குறை சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், பரிந்துரைக்கலாம். நாடாளுமன்றம் ஏட்டளவில் பணத்தை மறுக்கவும் செய்யலாம். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை அது நடக்கிற காரியமில்லை. புதிய பாதையில் பயணிகள் வண்டி ஓடலாமா கூடாதா என்று வண்டி ஓடுவதற்கு முன்பே சொல்லக்கூடியவர் பாதுகாப்பு ஆணையர் ஒருவரே.

தனி பட்ஜெட்டும் அதன் முடிவும்

முதல் உலகப் போருக்குப் பிறகு ரயில் பாதைகள் தேய்ந்து, பெட்டிகள் பழுதாகிக் கிடந்தன. அரசின் பொது நிதிநிலைக்கு ஏற்ப ரயில்வேக்கான பணம் ஆண்டுக்காண்டு கூடிக் குறைந்ததால் நீண்ட காலத் திட்டம் எதுவும் போட முடியவில்லை. இதை ஆராய 1920-இல் சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் குழு அமைந்தது. வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் அதில் ஓர் உறுப்பினர். ரயில்வேயின் நிதியைப் பொது நிதியிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று அக்குழு 1921-இல் சொன்னதை ஏற்று, மத்தியச் சட்டசபை 1924 செப்டம்பரில் ‘பிரிவினை ஒப்பந்தம்’ எனப்படும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ரயில்வே தன் வருவாயைத் தானே வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, போட்ட முதலில் ஒரு சதவீதத்தையும் உபரியில் ஐந்தில் ஒரு பங்கையும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. விடுதலைக்குப் பிறகு இந்த ஈவுத்தொகையின் விகிதத்தைப் பரிந்துரைக்கும் வேலை ரயில்வே ஒப்பந்தக் குழு என்ற நாடாளுமன்றக் குழுவிடம் வந்தது.

தனி பட்ஜெட் 92 ஆண்டுகள் நீடித்தது. பிப்ரவரி இறுதியில் ரயில்வே அமைச்சர் பெட்டியோடு வருவதும், மறுநாள் நாளிதழ்கள் ‘தமிழகத்துக்கு எத்தனை புதிய ரயில்கள்’ என்று தலைப்புப் போடுவதும் ஒரு சடங்காகவே ஆகிப்போயின. அமைச்சரின் சொந்த மாநிலத்துக்கு வண்டிகள் அள்ளிக் கொடுக்கப்படுகின்றன என்ற புகார் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் எழும். கட்டணத்தைத் தொடுவதோ அதைவிட ஆபத்தான வேலை. 2012 மார்ச்சில் தினேஷ் திரிவேதி தம் பட்ஜெட்டில் எல்லா வகுப்புக் கட்டணங்களையும் உயர்த்தினார். அவருடைய திரிணாமூல் காங்கிரஸ் கட்சியே கொதித்தெழ, சில நாட்களில் பதவியை இழந்தார். அடுத்து வந்த முகுல் ராய் உயர்வின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்.

நிதி ஆயோக்கின் விவேக் தேவ்ராய், கிஷோர் தேசாய் ஆகியோரின் அறிக்கை தனி பட்ஜெட் தேவையற்றது என்றது. 2016 செப்டம்பரில் அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. 2017 பிப்ரவரி 1 அன்று அருண் ஜேட்லி இரண்டையும் ஒன்றாகத் தாக்கல் செய்தார். ஆண்டுக்குச் சுமார் 9,700 கோடி ரூபாய் ஈவுத்தொகை கட்டும் சுமை ரயில்வேக்கு நீங்கியது. அதற்கு விலையும் உண்டு. முன்பு தனித்தனி தலைப்புகளில் வந்த 16 மானியக் கோரிக்கைகள் இப்போது ஒரே கோரிக்கையாகிவிட்டன. ரயில்வேக்கென்றே இருந்த தனி பட்ஜெட் உரை பொது பட்ஜெட் உரையின் சில வரிகளுக்குள் ஒடுங்கிப்போனது. அதே காலத்தில் பொது நிதியிலிருந்து ரயில்வேக்குப் போகும் மூலதன உதவி பன்மடங்கு பெருகி, 2024-25-இல் 2.52 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. பணம் கூடக் கூட அதைப் பற்றிய பேச்சு குறைந்தது என்பதே இந்த இணைப்பின் பெரிய முரண்.

பிங்க் புக்

எந்தப் பாதைக்கு எவ்வளவு என்ற விவரம், மண்டலவாரியாக ‘பிங்க் புக்’ என்ற தனி ஆவணத்தில் வரும். தெற்கு ரயில்வேயின் பக்கங்களைத் தமிழக உறுப்பினர்களும் செய்தியாளர்களும் பட்ஜெட் உரையைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். ஈரோடு – பழனி, சென்னை – மாமல்லபுரம் – கடலூர் போன்ற புதிய பாதைத் திட்டங்களுக்குச் சில ஆண்டுகளில் அதில் கண்டிருந்த ஒதுக்கீடு வெறும் ஆயிரம் ரூபாய். ஒரு சர்வேயருக்கு ஒரு நாள் கூலியாகக்கூடக் காணாத இந்தத் தொகை அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. பிழையில்லை, திட்டத்தின் பெயர் புத்தகத்திலிருந்து அடிபட்டுப் போகாமல் இருக்க வைக்கப்படும் அடையாளத் தொகை அது. வேலை நடக்காது, கைவிட்டதாகவும் சொல்ல முடியாது.

குழுக்கள்

அவையில் பேசி முடியாததை நாடாளுமன்றம் குழுக்களிடம் விடுகிறது. 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைந்தபோது உருவான ரயில்வே நிலைக்குழுவில் மக்களவையின் 21 பேரும் மாநிலங்களவையின் 10 பேரும் இருப்பர். மானியக் கோரிக்கைகளை முன்கூட்டியே அலசுவது இதன் முதன்மை வேலை. செலவான பிறகு வருவது பொதுக் கணக்குக் குழு. 22 பேர் கொண்ட இதற்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைவராக இருந்துவருகிறார். மதிப்பீட்டுக் குழுவும் அவ்வப்போது ரயில்வேயைக் கையில் எடுப்பதுண்டு.

தணிக்கை

ஒரு தணிக்கைக் குறிப்பின் பயணம் நீண்டது. தணிக்கைக் குழுவினர் பணிமனைக்கோ நிலையத்துக்கோ கோட்ட அலுவலகத்துக்கோ போய்க் கோப்புகளைப் பார்க்கிறார்கள். கண்டது ஆய்வறிக்கையாகிறது. மண்டல நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். பதில் நிறைவு தராவிட்டால் அது வரைவுப் பத்தியாகி ரயில்வே வாரியத்துக்குப் போகும். அங்கும் தீராதது அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவருக்கு அளிக்கப்படும் அறிக்கையில் ஏறி அவைக்கு வரும். பிறகு பொதுக் கணக்குக் குழு அதில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து ரயில்வே வாரியத் தலைவரையே சாட்சியாக அழைக்கலாம். இவ்வளவும் முடிவதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் பலர் மாறுதலிலோ ஓய்விலோ போயிருப்பார்கள்.

ஆனாலும் ரயில்வே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைச் சரிபார்க்கப் பொதுமக்களுக்கு இருக்கும் சிறந்த கருவி இந்த அறிக்கைகள்தாம். ‘இயக்க விகிதம்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம்: நூறு ரூபாய் சம்பாதிக்க எத்தனை ரூபாய் செலவாகிறது என்ற கணக்கு. 2017-18-க்கு ரயில்வே காட்டியது 98.44 சதவீதம். அதுவே பத்து ஆண்டுகளில் மிக மோசமானது. என்.டி.பி.சி., இர்கான் ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களிடம் முன்பணம் வாங்கி அந்த ஆண்டு வருவாயில் சேர்த்திருக்காவிட்டால் விகிதம் 102.66 ஆகியிருக்கும் என்றது தணிக்கை. 2019-20-இல் 98.36 என்று காட்டப்பட்டது. ஓய்வூதியச் செலவை முழுமையாகச் சேர்த்தால் 114.35 என்று சி.ஏ.ஜி. திருத்திச் சொன்னது. நூறுக்குள் நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் முதலில் வெட்டு விழுந்தது தேய்மான நிதியில்தான். தண்டவாளங்களையும் பிற சொத்துகளையும் புதுப்பிப்பது தள்ளிப்போடப்பட்டு, 2020-21 முடிவில் அந்த நிலுவை ஏறத்தாழ 95,000 கோடி ரூபாயாகச் சேர்ந்திருந்தது.

பயணிகள் சேவையின் இழப்பு இதன் அடியில் கிடக்கிறது. 2021-22-இல் அது 68,269 கோடி ரூபாய். சரக்கு வண்டிகளில் கிடைத்த 36,196 கோடி ரூபாய் லாபம் முழுவதும் அதை ஈடுகட்டப் போனது, போதவில்லை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே வசூலாகிறது என்று பயணச்சீட்டிலேயே சில ஆண்டுகளாக அச்சடித்துத் தருகிறார்கள். இதைச் சலுகை என்பதா, பொதுச் சேவைக்கு அரசு தர வேண்டிய விலை என்பதா என்பது அரசியல் கேள்வி; கட்டணத்தை அரசே தீர்மானிக்கும்வரை அதற்குத் தணிக்கையால் விடை சொல்ல முடியாது.

சேவையின் தரத்தையும் தணிக்கை அளக்கிறது. 2017-இல் வந்த உணவு வழங்கல் அறிக்கைக்காகத் தணிக்கையாளர்களும் ரயில்வே அலுவலர்களும் சேர்ந்து 74 நிலையங்களிலும் 80 வண்டிகளிலும் சோதனை நடத்தினர். சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீரில் பானங்கள் தயாரிப்பதும், குப்பைத் தொட்டிகள் மூடியின்றி இருப்பதும், ரசீது கொடுக்காததும் பதிவாயின. வேகத்தைப் பற்றிய இன்னோர் அறிக்கை 478 சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளின் கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்தது. மணிக்கு 55 கிலோமீட்டர் என்ற தகுதி வேகம்கூட 123 வண்டிகளுக்கு அட்டவணையிலேயே இல்லை. கூடுதல் கட்டணம் மட்டும் குறையாமல் வசூலானது.

2022 டிசம்பரில் அவைக்கு வந்த தடம்புரள்வு பற்றிய அறிக்கை, பணத்தையும் உயிரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த அரிய முயற்சி. அதன் பின்னணி அனில் ககோட்கர் குழு. பாதுகாப்புப் பணிகளுக்கு ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் வேண்டும் என்று அக்குழு 2012-இல் மதிப்பிட்டிருந்தது. அதே தொகையோடு 2017-18-இல் தேசிய ரயில் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 5,000 கோடியை ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து போட வேண்டும். நான்கு ஆண்டுகளில் 20,000 கோடி வந்திருக்க வேண்டிய இடத்தில் 15,775 கோடி வரவே இல்லை. வந்த பணத்திலும் கால் மசாஜ் கருவி, பீங்கான் பாத்திரம், அறைகலன், குளிர்கால மேற்சட்டை போன்றவை வாங்கப்பட்டிருந்தன. 2017 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை நடந்த 217 பெரிய விபத்துகளில் 163 தடம்புரள்வுகள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அறிக்கை வந்தபோது பெரிய சலசலப்பு இல்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே பலரும் அதைத் தேடி எடுத்தார்கள்.

பாதுகாப்பு ஆணையர்

விபத்துக்குப் பொறுப்பு யார் என்று அமைச்சரை நோக்கிக் கேட்பது பழைய வழக்கம். 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளத்தில் சேதமான அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த விலகலை ஏற்காத நேரு இம்முறை ஏற்றார். ஆனால் பதவி விலகல் ஒரு சிக்னல் கம்பி எங்கே தவறாக இணைக்கப்பட்டது என்று கண்டுபிடித்துத் தராது. அது ஆணையரின் வேலை.

ரயிலை ஓட்டுபவரும் அதைச் சோதிப்பவரும் ஒரே துறையில் இருக்கக்கூடாது என்ற எண்ணத்தில், 1941-இல் அன்றைய ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்து அஞ்சல், விமானத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டனர். இன்றைய ஆணையத்தின் தலைமையகம் லக்னோவில் இருக்கிறது. உயிரிழப்புள்ள பெரிய விபத்துகளை அது விசாரிக்கிறது. பாலசோர் விசாரணையில் சிக்னல் இணைப்பு மாற்றத்தில் நடந்த தவறுகளை வெளிக்கொணர்ந்தது. ஆணையர்கள் பெரும்பாலும் ரயில்வே அதிகாரிகளாக இருந்து வந்தவர்களே என்பது நெடுநாள் விமர்சனம். ககோட்கர் குழு கேட்ட, சட்டபூர்வமான தனி ரயில்வே பாதுகாப்பு அதிகார அமைப்பு உருவாகவில்லை.

இருக்கும் அதிகாரத்துக்குள்ளும் ஆணையர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பாம்பன் காட்டியது. புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் சோதித்த தென் வட்ட ஆணையர், ரயில்வேயின் சொந்தத் தரநிலை அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் நெறிகளைத் திட்டமிடும் கட்டத்திலேயே பின்பற்றவில்லை என்று ரயில்வே வாரியத்தைக் கடுமையாகக் குறை கூறினார். சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் வடிவமைப்பைச் சரிபார்த்திருக்கின்றன என்று அமைச்சகம் பதில் சொன்னது. குறைகளை ஆராய ஐவர் குழுவையும் அமைத்தது. ஆணையர் அனுமதியை மறுக்கவில்லை. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என்ற வேக வரம்போடு வண்டி ஓட ஒப்புதல் தந்தார். 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது.