பாடம் சொல்ல வந்து ஊராகிப்போனவர்கள்

திருவனந்தபுரத்தின் ஆங்கிலக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1834இல்தான் பிள்ளையார்சுழி போடுவார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா நாகர்கோவிலில் ஜான் ராபர்ட்ஸ் நடத்திவந்த ஆங்கிலப் பள்ளியைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, ராபர்ட்ஸைத் தலைநகருக்கே அழைத்துக்கொண்டார். 1836இல் அந்தப் பள்ளி ராஜாவின் இலவசப் பள்ளியாக அரசின் பொறுப்புக்கு வந்தது. 1866இல் கல்லூரியாக வளர்ந்தபோது ஜான் ராஸ் முதல் முதல்வரானார். பிறகு ராபர்ட் ஹார்வி, இன்னும் சில துரைமார்கள். இந்த வரிசையில் பிழையேதும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனிதர் இந்த ஊரில் எப்படிக் காலூன்றினார் என்று கேட்டால், இதில் கிடைப்பது பாதி விடைதான். கப்பலேறி வந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஆசிரியர்களாகவே இருந்துவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்களோ ஆசிரியர்களாக வந்து திவான்களானார்கள், நிலம் வாங்கினார்கள், ஊர்க்காரர்களானார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை வகுப்பறையில் தேடுவதைவிடக் கிழக்கேகோட்டைக்கு வெளியே நீளும் சாலைக் கடைத்தெருவில் தேடுவது பலன் தரும் என்பது என் கருத்து.

சாலையை உருவாக்கியவர் ராஜா கேசவதாஸ். 1789 முதல் 1798 வரை திவானாக இருந்த அவர், பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த தலைநகருக்கு ஒரு வயிறு வேண்டும் என்று கணக்குப் போட்டவர். தெற்கே நாஞ்சில்நாட்டிலிருந்து நெல்லும் அரிசியும் வண்டியில் வந்தன. வடக்கே ஆலப்புழைப் பக்கத்துச் சரக்கு நீர்வழியே வந்தது. இரண்டும் சேருமிடத்தில் தமிழ் பேசும் செட்டிகளும் வெள்ளாளர்களும் ராவுத்தர்களும் கடை விரித்தார்கள். தெருவின் கிழக்கு முனை ஆரியசாலை, வலியசாலை என்று போகிறது. வலியசாலையில் அக்ரகாரம் இருக்கிறது. காந்தளூர்ச் சாலையின் பெயரைச் சுமக்கும் மகாதேவர் கோயிலும் இருக்கிறது. கல்வெட்டு படித்தவர்களுக்குக் காந்தளூர் புதிதல்ல. ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய கல்விச் சாலையைப் பற்றிய ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு, காந்தளூர் முறைப்படி 95 சாத்தர்கள் படிக்க ஏற்பாடு செய்கிறது. வேதப் பிரிவுவாரியாக அவர்களை 45, 36, 14 என்று பிரித்துச் சொல்கிறது. அவர்கள் நடத்தைக்கு விதியும் வகுக்கிறது. படிக்க வந்தவனுக்குச் சோறும் இடமும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழையது. அதற்காக அந்தச் சாலையிலிருந்து இந்தச் சாலைக்கு ஒரே நேர்கோடு இழுத்து, ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று மார்தட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நடுவில் அரசுகள் மாறின; போர்கள் நடந்தன. கேசவதாஸ் போட்டது அரிசிக் கடைத்தெரு, அவ்வளவுதான். எனக்கு அரிசிக் கடைத்தெருவே போதும்.

இந்த ஊரின் முதல் முக்கியமான வெளியூர் ஆங்கில ஆசிரியர் ராபர்ட்ஸ் அல்ல, அவருக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை முந்திய தஞ்சாவூர் சுப்பாராவ். குழந்தையாக இருந்த சுவாதித் திருநாளுக்குப் பாடம் சொல்ல பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோ காலத்தில் வந்தவர். ஊர் அவருக்கு இங்கிலீஷ் சுப்பாராவ் என்றே பெயர் வைத்துவிட்டது. அவர் வேலை எப்படி இருந்தது என்பதற்கு 1825இல் அரண்மனைக்கு வந்த கர்னல் வெல்ஷ் சாட்சி. பன்னிரண்டு வயதுப் பையன் மால்கமின் மத்திய இந்திய வரலாற்றிலிருந்து ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறான். பாரசீகக் கடிதம் ஒன்றை வாசிக்கிறான். சமஸ்கிருதம், மலையாளம் என்று மாறிமாறிப் படிக்கிறான். பிறகு யூக்ளிடின் 47ஆம் தேற்றத்தை எடுத்து, நாட்டுச் சிலேட்டில் படம் வரைகிறான். வெல்ஷ் அசந்துபோய்த் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தச் சிலேட்டுக்குப் பின்னால் நின்றவர் சுப்பாராவ். 1830இல் அவரே திவானானார். இடையில் பதவி போய், 1839இல் மறுபடி கிடைத்தது. மறுமுறை திவானாக இருந்த நாட்களில், 1840இல், ஐந்து அங்கங்களில் ஆங்கிலத் துன்பியல் நாடகம் ஒன்றையும் அச்சிட்டார். இந்தியர் எழுதிய தொடக்ககால ஆங்கில நாடகங்களில் அது ஒன்று. திவான் நாற்காலியில் உட்கார்ந்த பின்னும் பழைய வாத்தியார் அவரைவிட்டுப் போகவில்லை போலும். அவருடைய ஊரிலிருந்து கலைஞர்களும் வந்து சேர்ந்தார்கள்; மேருசுவாமி, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு என்று சுவாதியின் சபையே பாதித் தஞ்சாவூராயிற்று. குடியேறியவர் தன் ஊரையும் பின்னாலேயே கூட்டிவருவது எங்கும் நடப்பதுதான். ஆனால் வந்தவர்களுக்குச் சாப்பாடும் பேச்சும் கிடைக்கும் ஓரிடம் முன்பே இருந்தால்தான் அது சுலபமாக நடக்கும்.

இரண்டாவது ஆள் இன்னும் பிரபலம். கும்பகோணத்தில் 1828இல் பிறந்து, சென்னையில் பவலிடம் கணிதம் படித்த டி. மாதவராவ், 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். அவரிடம் படித்தவர்களில் ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் பின்னாளில் அடுத்தடுத்து அரசர்களானார்கள். சில ஆண்டுகள் பாடம் சொன்னபின் வருவாய்த் துறைக்கு மாறினார். முப்பது வயதாவதற்குள் திவான் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1872வரை அதில் இருந்தார். இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. மாதவராவின் தகப்பனார் ரங்காராவும் பெரியப்பா வெங்கட்டராவும் ஏற்கெனவே திருவிதாங்கூரில் திவான் பதவி பார்த்தவர்கள். அவர் மேலே போனது உறவினால்தானே, ஆங்கிலப் பாடத்தினால் என்று எப்படிச் சொல்வது? உறவு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உறவு அவரைக் கொண்டுவந்து உட்கார்த்திய முதல் இடம் எது என்று பார்க்க வேண்டும். இளவரசருக்கு எதிரே போட்ட ஆசிரியர் பாய் அது. நாளைய அரசன் நாள்தோறும் வாய்திறந்து பேசிப் பழகும் வெளியாள் ஆங்கில ஆசிரியர் ஒருவர்தான். செல்வாக்குள்ள குடும்பங்கள் அந்த இடத்தின் மதிப்பைத் தெரிந்தே தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பின. துரைமார்களும் சில ஆண்டுகளுக்குப் பின் அதே மாணவர்களின் ஆட்சியில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பள்ளியிலிருந்து அரசுச் செயலகமான ஹஜூர் கச்சேரிக்கு வழி திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? வெள்ளையர் வாழ்ந்த நிலப்படமே பாதி விடை. படைமுகாம் இருந்த பாளையம், அதையடுத்து 1837இல் வானாய்வு நிலையம் எழுந்த குன்று, 1850களின் கடைசியில் கட்டிய கிறைஸ்ட் சர்ச்: அவர்களின் ஊர் அந்த மேட்டில் இருந்தது. கோட்டையும் சாலையும் கீழே, வேறு உலகமாக. கணக்குவழக்கு, கடன், நெல் விலை, யார் யாருக்கு என்ன உறவு என்ற செய்திகளெல்லாம் ஓடியது கீழே. தஞ்சாவூரிலிருந்து வந்தவருக்கு வீட்டுப் பேச்சு மராட்டியாக இருக்கலாம். தெருவில் பேசத் தெரிந்தது தமிழ், சாலையில் செல்லுபடியானதும் தமிழ். ஒரு வெளியூர்க்காரர் மறுநாளே அரிசி வாங்க முடிகிற, வாங்கும்போதே ஊர்ச் செய்தி கேட்க முடிகிற இடம் அது. இந்த வாதத்தைக் குலைக்கக்கூடிய ஒரு வெள்ளைப் பெண்மணி உண்டு. அவரை மறைத்துவிட்டு மேலே போவது சரியல்ல. அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு 1864இல் மேட்டில் அல்லாமல் கோட்டைக்குள்ளேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்; பல பத்தாண்டுகள் ஊரில் இருந்தார்; அரண்மனைப் பெண்களுக்குப் பாடம் சொன்னார்; தம் அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். இவர் காலூன்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் விஷயம் என் வாதத்துக்குத் துணையாகவே வருகிறது. மேட்டைவிட்டுக் கீழே இறங்கியவரால்தான் அப்படி நிலைக்க முடிந்தது.

சாலையைவிட ஊட்டுப்புரைதானே இவர்களைத் தாங்கியது என்று இன்னொருவர் கேட்கலாம். அரசின் ஊட்டுப்புரைகளில், வெளியிலிருந்து வந்த பரதேசி பிராமணருக்கும் இலவசச் சோறு கிடைத்தது. அந்தச் செலவைப் பற்றி அந்நாளிலேயே முணுமுணுப்பு இருந்தது. இந்தக் கேள்வியில் சாரம் உண்டு. வந்தவர் எல்லோருக்கும் இந்த ஊர் ஒரே மாதிரி இடம் கொடுக்கவில்லை. சாதி பார்த்துத்தான் கொடுத்தது. இந்த ஊரிலேயே பிறந்த ஈழவர் டாக்டர் பல்பு, மருத்துவம் படித்து முடித்தும் திருவிதாங்கூரில் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போனார். சொந்த ஊர்க்காரனுக்கு அடைத்த கதவு தஞ்சாவூர்க்காரனுக்குத் திறந்தது என்பதைப் பெருமைக்கதையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஊட்டுப்புரை எல்லாவற்றையும் விளக்குவதில்லை. அந்தப் பந்தியில் இடமில்லாத வெள்ளாளர் ஒருவர் இதே ஊரில் ஆசிரியராக நிலைத்தார்.

அவர் பெ. சுந்தரம் பிள்ளை. மதுரைப் பக்கமிருந்து ஆலப்புழைக்கு வந்து தங்கிய குடும்பத்தில் 1855இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் படித்து, அங்கேயே சிலகாலம் கற்பித்து, திருநெல்வேலியில் பள்ளித் தலைமை பார்த்துவிட்டு, மறுபடி கல்லூரிக்குத் திரும்பினார். ஹார்வியை அடுத்துத் தத்துவப் பேராசிரியரானார். பேரூர்க்கடைப் பக்கத்தில் கிடைத்த நிலத்துக்குத் தம் ஆசிரியர் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். லிட்டனின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி எழுதிய மனோன்மணீயத்தையும் அவருக்கே காணிக்கையாக்கினார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த துரையின் பெயர் மண்ணில் ஒட்டியது, அவருக்கு அடுத்து வந்த தமிழரின் வழியாகத்தான்.

மனோன்மணீயம் வந்த 1891ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அதே ஆண்டில் அதே கல்லூரியின் பழைய மாணவர் சி. வி. ராமன் பிள்ளை, ஸ்காட்டின் பாணியில் மார்த்தாண்டவர்மா நாவலை மலையாளத்தில் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் போனது. பெரிய உத்தியோகங்களெல்லாம் பரதேசி பிராமணர்களுக்கே போகின்றன, இந்நாட்டுக்காரர்களுக்குத் தாருங்கள் என்பது அதன் கோரிக்கை. இதை வைத்து இன்னொரு மறுப்புக்கும் விடை சொல்லிவிடலாம். திருவிதாங்கூரில் தமிழர் என்ன வெளிநாட்டாரா, நாகர்கோவிலும் கல்குளமும் அதே ராஜ்யத்தில்தானே இருந்தன என்று சிலர் கேட்பார்கள். நாஞ்சில்நாட்டானைப் பற்றியவரை அது சரி. தஞ்சாவூர் பிரிட்டிஷ் மண். திருவிதாங்கூர் தனி ராஜ்யம். வந்தவர்களை வெளியாட்கள் என்று அந்நாளில் சொன்னது இன்றைய ஆராய்ச்சியாளர் அல்லர், கையெழுத்துப் போட்ட பத்தாயிரம் பேர். சுவையான செய்தி என்னவென்றால், அந்த மெமோரியலை முன்னின்று நடத்திய படித்த மலையாளிகள் பலரை உருவாக்கியது, வெளியாட்கள் வந்து நட்டுவைத்த அதே ஆங்கில வகுப்புதான். ஊராகிப்போனவர்களை ஊர் வெளியே போகச் சொல்லவில்லை. இனி வரிசையில் நில்லுங்கள் என்றது.

அதற்குப் பின் வாத்தியார் திவானாகும் காலம் முடிந்தது. ஆனால் வந்து தங்குவது நிற்கவில்லை. 1921இல் கும்பகோணத்தில் பிறந்து சிறுவயதிலேயே திருவனந்தபுரம் வந்த டி. கே. துரைசாமி, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே நகுலன் என்ற பெயரில் தமிழில் எழுதினார். 2007இல் இறக்கும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. 'புத்தம் வீடு' எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனும் இங்கே ஆங்கிலப் பேராசிரியர். 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது, இவர்கள் இருந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கமாயிற்று. தமிழ்ப் பத்திரிகையும் தமிழ் வாசகனும் அருகில் இல்லாத நகரத்தில் ஆங்கிலப் பேராசிரியர்கள் தமிழில் எழுதுவதற்கு என்ன பின்பலம் என்று கேட்டால், நான் மறுபடி சாலையைத்தான் காட்டுவேன். அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், மலையாளத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர். அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் தரகர்களையும் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கல்லூரியில் ஆங்கிலம் சொன்னவரும் கல்லாவில் உட்கார்ந்தவரும் ஒரே ஊரில் ஒரே மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.