உதவி உரிமையான வரலாறு: ஜெர்மானிய மாணவர் நல அமைப்புகள்

ஏழை மாணவன் கல்லூரியில் இடம் பெற்றுவிட்டால் மட்டும் போதாது. பட்டம் பெறும் நாள்வரை உணவும் உறையுளும் அவனுக்கு வேண்டும். இதனை ஜெர்மானிய மாணவர் சமுதாயம் முதலாம் உலகப் போருக்குப் பின் பட்டறிந்தது.

1918இல் போர் ஓய்ந்தபின் பல்கலைக்கழகம் திரும்பியோருள் பலர் வறியராயினர். விலைவாசி ஏற்றத்தால் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பும் கரைந்தது. ட்ரெஸ்டன், ட்யூபிங்கன் முதலிய நகரங்களில் மாணவர்களே முன்னின்று, பேராசிரியர்கள் துணையுடன், மலிவு உணவுச்சாலைகளை நிறுவினர். விடுமுறையில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்துப் படித்தோரும் உண்டு. 1921இல் இவ்வமைப்புகளுக்கென ஒரு பொதுச் சங்கம் ட்யூபிங்கனில் தோன்றிற்று. 1929இல் அது 'ஜெர்மன் மாணவர் நலப்பணி' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அதே 1921இல் அண்ணல் அம்பேத்கர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் தம் பெயரைப் பதிவு செய்தார். ஆயினும் அங்குப் படிப்பைத் தொடரவில்லை. தம் சேமிப்பையும், நண்பரிடம் பெற்ற கடனையும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியையும் கொண்டே அவர் அந்நாளில் மேனாட்டில் பயின்றார். கேட்டுப் பெறும் சட்ட உரிமை ஏதும் அவருக்கு இருந்ததில்லை.

தன்னுதவியாய் எழுந்த ஜெர்மானிய அமைப்பும் 1933இல் இட்லர் ஆட்சியின் பிடியில் சிக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் பிறந்த சட்டமொன்று, புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் 1.5 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என வரையறுத்தது. யூத மாணவர்க்கும் ஆட்சியின் எதிரிகளுக்கும் உதவிகள் மறுக்கப்பட்டன. பிறப்பைக் காட்டி ஒருவனை விலக்கும் கொடுமையை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி 1957இல் 'ஹொன்னெஃப் திட்டம்' வாயிலாக அரசு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 1971இல் கல்வி உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர் வருவாய் போதாத மாணவன் உதவியை உரிமையாகவே கோரலாம். மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். 1983இல் அவ்வுதவி முழுதும் கடனாக்கப்பட்டது. 1990இல் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன் என மாறியது. சட்டம் தந்ததையும் அரசு குறைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

இன்று அந்நாட்டில் 57 மாணவர் நல அமைப்புகள் இயங்குகின்றன. உணவுச்சாலைகள், ஏறத்தாழ 2 இலட்சம் பேருக்கான விடுதிகள், குழந்தைக் காப்பகங்கள், ஆலோசனை நிலையங்கள் அவற்றின் பணிகள். பெரும்பாலான மாநிலங்களில் கல்வி உதவி விண்ணப்பங்களையும் அவையே பரிசீலிக்கின்றன. உணவு விற்பனையும் விடுதி வாடகையுமே வருவாயில் பெரும்பகுதி. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் செலுத்தும் கட்டணமும் மாநில அரசுகளின் மானியமும் எஞ்சியதை ஈடுசெய்கின்றன. கல்வி உதவித்தொகையின் முழுச் செலவையும் 2015 முதல் மத்திய அரசே ஏற்கிறது. ஆட்சிக் குழுக்களில் மாணவர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர்.

இளைஞர்களே! அம்மாணவர்கள் முதலில் சங்கமாய்க் கூடினர்; பின்னரே சட்டம் பிறந்தது. நம் சங்கமும் அவ்வழியிலேயே 25 ஆண்டுகள் நடந்துள்ளது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது தலை குனியாதீர். அது உங்கள் உரிமை. கணக்குக் கேட்கும் இடத்திலும், முடிவெடுக்கும் குழுவிலும் நீங்கள் இருத்தல் வேண்டும்.