ஊரை விட்டுப் போன அணி, ஊரில் தங்கிய நாயகர்கள்: ஹைதராபாத் கால்பந்து ரசிகர்களின் விருப்ப வீரர்கள் யார்?

ராமச்சந்திராபுரம் (ஹைதராபாத்): இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் ஹைதராபாத் நகரின் பெயரைத் தாங்கி விளையாடிய ஹைதராபாத் எஃப்சி அணி, 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டெல்லிக்கு இடம் மாற்றப்பட்டு, 'ஸ்போர்டிங் கிளப் டெல்லி' என்ற புதிய பெயரைப் பெற்றது. 2019இல் தொடங்கிய அந்த அணியின் ஹைதராபாத் வாழ்க்கை ஆறு ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. அதற்குள் ஒரு கோப்பை, ஒரு வீழ்ச்சி, மறக்க முடியாத சில வீரர்கள் என ரசிகர்களுக்கு ஒரு முழு வரலாற்றையே அது விட்டுச் சென்றுள்ளது.

பெல் நிறுவனத்தின் ஆலையும் குடியிருப்பும் அமைந்துள்ள ராமச்சந்திராபுரம், திருச்சி, ராணிப்பேட்டை பெல் ஆலைகளை அறிந்த தமிழர்களுக்குப் பழக்கமான பெயர். இங்கிருந்து லிங்கம்பள்ளி வழியாகச் சென்றால், அந்த அணியின் சொந்த மைதானமாக விளங்கிய கச்சிபவுலி ஜி.எம்.சி. பாலயோகி விளையாட்டரங்கத்தை அடையலாம். அங்கு கொண்டாடப்பட்ட வீரர்கள் யார், அவர்களுக்கு முன் இந்நகரம் கொண்டாடிய வீரர்கள் யார், அணியே இடம் மாறிவிட்டால் ரசிகர்களின் விருப்ப வீரர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

அணி உருவானது எப்படி?

எஃப்சி புனே சிட்டி அணி கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து, அதன் இடத்தில் 2019 ஆகஸ்டில் ஹைதராபாத் எஃப்சி உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் டெல்லி டைனமோஸ் அணி புவனேஸ்வருக்குச் சென்று ஒடிசா எஃப்சி ஆனது என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, புனே இழந்த இடம் ஹைதராபாத்துக்கு வந்தது. டெல்லி இழந்தது புவனேஸ்வருக்குப் போனது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஹைதராபாத்தின் இடம் டெல்லிக்குச் சென்றது.

முதல் பருவமான 2019-20இல் ஹைதராபாத் அணி பத்து அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்தது. 18 ஆட்டங்களில் கிடைத்தவை வெறும் 10 புள்ளிகள். 2020இல் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மனோலோ மார்க்கெஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின்னர் நிலைமை மாறியது. அந்தப் பருவத்தில் ஐந்தாம் இடம், 2021-22இல் சாம்பியன், 2022-23இல் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம் என அணி உயர்ந்தது.

ஒக்பெச்சே: கோல்களின் நாயகன்

ஹைதராபாத் ரசிகர்களிடம் விருப்ப வீரர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரக்கூடிய பெயர் பார்தலோமியூ ஒக்பெச்சே. நைஜீரியாவைச் சேர்ந்த இவர், 2002 உலகக் கோப்பையில் தமது 17ஆவது வயதில் நாட்டுக்காக விளையாடியவர். இந்தியாவில் நார்த் ஈஸ்ட் யுனைடெட், கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி ஆகிய அணிகளுக்கு ஆடிவிட்டு 2021இல் ஹைதராபாத் வந்தார். அப்போது அவருக்கு வயது 36. ஓய்வை நெருங்கும் வீரரை ஏன் எடுத்தார்கள் என்று ஐயம் கொள்ளத்தக்க வயது அது.

அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 18. தொடரின் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் மேலும் 10 கோல்கள். நான்கு அணிகளுக்காகவும் சேர்த்து ஐஎஸ்எல் தொடரில் அவர் அடித்த கோல்கள் மொத்தம் 63. முந்தைய ஆண்டு மும்பையுடனும், அடுத்த ஆண்டு ஹைதராபாத்துடனும் தொடர்ந்து இரு முறை கோப்பையை வென்றவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

கட்டிமணி: ஆறு ஆண்டுக் கடனைத் தீர்த்தவர்

சென்னை ரசிகர்கள் மறந்திருக்க முடியாத ஒரு காட்சி உண்டு. 2015 டிசம்பர் 20ஆம் தேதி, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் சென்னையின் எஃப்சி, எஃப்சி கோவா அணிகள் இறுதிப் போட்டியில் மோதின. கோவா 2-1 என முன்னிலையில் இருந்த நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில், கோவாவின் கோல் கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி பந்தைத் தமது வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். அந்த 'சேம்சைடு கோல்' ஆட்டத்தைச் சமன் செய்தது. அடுத்த சில நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலால் சென்னை 3-2 என வென்று முதல் கோப்பையைக் கைப்பற்றியது.

2022 மார்ச் 20ஆம் தேதி, அதே ஃபதோர்டா மைதானத்தில் மற்றோர் இறுதிப் போட்டி. இம்முறை கட்டிமணி ஹைதராபாத்தின் கோல் கீப்பர். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டமும் கூடுதல் நேரமும் 1-1 என முடிந்ததால் பெனால்டி ஷூட் அவுட் நடைபெற்றது. அதில் கேரளாவின் மூன்று வீரர்களின் உதைகளைக் கட்டிமணி தடுத்தார். ஹைதராபாத் 3-1 என்ற கணக்கில் வென்றது. கோவாவின் மண்ணில் பிறந்தவர், எந்த மைதானத்தில் தலைகுனிந்தாரோ அதே மைதானத்தில் கோப்பையை ஏந்தினார். ஒரு கோல் கீப்பர் ரசிகர்களின் விருப்ப வீரர் ஆவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தவோரா முதல் சியானீஸ் வரை

அந்த இறுதிப் போட்டியை ஷூட் அவுட் வரை கொண்டு சென்றவர் சாஹில் தவோரா. ராகுல் கே.பி. 68ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் கேரளா முன்னிலை பெற்றிருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருந்தபோது, மாற்று வீரராக வந்த தவோரா பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த உதை வலைக்குள் சென்றது. பருவம் முழுவதும் பெரிதாகப் பேசப்படாத ஒருவர், ஒரே உதையால் நினைவில் நிலைத்தார்.

பிரேசிலைச் சேர்ந்த நடுக்கள வீரர் ஜோவோ விக்டர் அணித் தலைவராக இருந்து கோப்பையைப் பெற்றவர். ஷூட் அவுட்டில் அணியின் முதல் உதையைக் கோலாக்கியவரும் அவரே. வெற்றியை உறுதி செய்த கடைசி உதையை அடித்தவர் அசாம் வீரர் ஹாலிசரண் நர்சாரி. ஆஸ்திரேலிய வீரர் ஜோயல் சியானீஸ், மணிப்பூரின் முகமது யாசிர் ஆகியோரும் அந்த அணியின் தூண்கள்.

இளம் வீரர்களை வளர்த்ததும் அந்த அணியின் தனி அடையாளம். உத்தரப் பிரதேசத்தின் ஆகாஷ் மிஸ்ரா, சிக்கிமின் ஆசிஷ் ராய், கோவாவின் லிஸ்டன் கொலாசோ ஆகிய மூவரும் ஹைதராபாத்தில் பெயர் பெற்று, பின்னர் கொல்கத்தா, மும்பை அணிகளுக்குச் சென்றனர்.

வீட்டில் பார்க்காத வெற்றி

இந்தக் கதையில் ரசிகர்களுக்கு ஒரு பெரும் குறை உண்டு. கொரோனா தொற்று காரணமாக 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களின் எல்லா ஆட்டங்களும் கோவாவிலேயே நடத்தப்பட்டன. எனவே, ஹைதராபாத் சாம்பியன் பட்டம் வென்ற பருவத்தில் ஹைதராபாத் மண்ணில் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. இறுதிப் போட்டிக்குப் பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டபோதும், அரங்கை நிறைத்தது கேரள ரசிகர்களின் மஞ்சள் நிறமே.

'டெக்கான் லீஜன்' என்ற ரசிகர் அமைப்பினரும் மற்றவர்களும் தங்கள் சாம்பியன்களைக் கச்சிபவுலியில் நேரில் கண்டது 2022-23 என்ற ஒரே பருவத்தில்தான். அந்தப் பருவத்தின் அரையிறுதியில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் அணி தோற்றது. அதன் பின்னர் மார்க்கெஸ், ஒக்பெச்சே ஆகிய இருவருமே விடைபெற்றனர்.

2023-24இல் அணி நிதி நெருக்கடியில் சிக்கியது. நிலுவைத் தொகைகள் காரணமாகப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வந்தது. வெளிநாட்டு வீரர்களும் மூத்த இந்திய வீரர்களும் ஒவ்வொருவராக வெளியேறினர். பயிற்சியாளர் தாங்போய் சிங்டோவின் கீழ் இளம் வீரர்களே மீதி ஆட்டங்களை ஆடினர். 22 ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. அதுவும் சென்னையில், சென்னையின் எஃப்சி அணிக்கு எதிராக. அடுத்து புதிய உரிமையாளர்கள் வந்தும் அணி மீளவில்லை.

இரு தமிழ்ப் பெயர்கள்

ஹைதராபாத்தின் கால்பந்துப் பெருமை ஐஎஸ்எல் தொடருடன் தொடங்கியது அன்று. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற அணி ஹைதராபாத் சிட்டி போலீஸ். 1950, 1954 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையும் அந்த அணிக்கே கிடைத்தது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், இந்திய அணிக்கும் பயிற்சி அளித்து 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்று தந்தார். 2024இல் வெளியான 'மைதான்' இந்தித் திரைப்படம் அவரது வாழ்க்கையைப் பற்றியதே.

அக்காலத்தில் இந்நகரம் தந்த இரு பெரும் வீரர்கள் தமிழர்களுக்கு நெருக்கமானவர்கள். ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த இவர், நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் சேர்ந்தார். முன்கள வீரராகத் தொடங்கி கோல் கீப்பராக மாறினார். அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றபோது வலையைக் காத்தவர் இவரே. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008இல் பொகாரோவில் காலமானார்.

மற்றொருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளூர் லீக்கில் இவரைக் கண்டெடுத்தவர் ரஹீம். பயிற்சிக்கு வந்து செல்ல மிதிவண்டி வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்ததாகப் பலராம் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்து அங்கும் ரசிகர்களின் நாயகன் ஆனார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பெரு ஆகிய இரு அணிகளுக்கு எதிராகவும் கோல் அடித்தார். உடல்நலக் குறைவால் 30 வயதை எட்டும் முன்பே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரி 16இல் கொல்கத்தாவில் காலமானார்.

1962 செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம் வென்ற அணியில் தங்கராஜ், பலராம் இருவரும் ஆடினர். அப்போதே புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ரஹீம், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார்.

மெல்போர்ன் சொல்லும் பாடம்

ரஹீமின் அணி 1956 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பிடித்த நகரம் மெல்போர்ன். அந்நகரத்தின் சொந்த விளையாட்டு, நீள்வட்டப் பந்தைக் கொண்டு ஆடப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. அணி இடம் மாறுவதன் வலியை நன்கு அறிந்த ரசிகர்கள் அங்கு உள்ளனர்.

மெல்போர்னின் சவுத் மெல்போர்ன் அணி 1982இல் சிட்னிக்கு மாற்றப்பட்டு சிட்னி ஸ்வான்ஸ் ஆனது. பழைய அணியின் பெரும் விருப்ப வீரர் பாப் ஸ்கில்டன். லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை வென்றவர். சிட்னி அணி தனது ஆண்டின் சிறந்த வீரருக்கு அளிக்கும் பதக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளது. 1933க்குப் பிறகு 72 ஆண்டுகள் காத்திருந்து 2005இல் அந்த அணி கோப்பையை வென்றபோது, மெல்போர்னின் பழைய ரசிகர்களும் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர்.

அதேபோல், மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் அணி 1996இல் பிரிஸ்பேன் பியர்ஸ் அணியுடன் இணைக்கப்பட்டு பிரிஸ்பேன் லயன்ஸ் உருவானது. ஃபிட்ஸ்ராயின் சிங்கச் சின்னம் புதிய அணியின் சின்னமாகத் தொடர்கிறது. ஆண்டின் சிறந்த வீரருக்கான மெரெட்-மர்ரே பதக்கம், இரு பழைய அணிகளிலிருந்தும் ஒவ்வொரு வீரரின் பெயரைத் தாங்கியுள்ளது. ஃபிட்ஸ்ராய் தந்த பெயர் கெவின் மர்ரே.

இந்த இரு எடுத்துக்காட்டுகளிலும் ஒன்று தெளிவாகிறது. அணி வேறு நகரத்துக்குச் சென்றாலும், பழைய விருப்ப வீரர்களின் பெயரைப் புதிய அணி ஏற்றுக்கொண்டால், பழைய ரசிகர்களுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. பெயர், சின்னம், நிறம் அனைத்தும் மாறிவிட்டால் அந்த இடம் இல்லாமல் போகிறது.

இனி என்ன?

ஹைதராபாத்தில் தொழில்முறைக் கால்பந்து முற்றிலும் நின்றுவிடவில்லை. ஐ-லீக் தொடரில் 2022-23, 2023-24 ஆகிய இரு பருவங்களிலும் இரண்டாம் இடம் பிடித்த ஸ்ரீநிதி டெக்கான் எஃப்சி இந்நகரையே தளமாகக் கொண்டது. கச்சிபவுலி அரங்கில் 2024இல் தேசிய அணியின் இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆட்டங்களும் நடைபெற்றன.

ஆனால் ஒக்பெச்சேயின் 18 கோல்களும், கட்டிமணி தடுத்த மூன்று உதைகளும் எந்த அணியின் வரலாற்றில் எழுதப்படும் என்ற கேள்வி எஞ்சியுள்ளது. பட்டியலில் அவை டெல்லி அணியின் முன்வரலாறாக இடம்பெறக்கூடும். பலராமையும் தங்கராஜையும் கொல்கத்தா தனது நாயகர்களாகக் கொண்டாடிய பின்னரும், இன்றுவரை அவர்கள் ஹைதராபாத் வீரர்களாகவே அறியப்படுகின்றனர். ஒக்பெச்சேயும் கட்டிமணியும் அவ்வாறு நினைவில் நிற்பார்களா என்பது, இனி அவர்களைப் பற்றி இந்நகரம் எவ்வளவு பேசுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.